யார் கார்னேயில் எழுதுவது?

வாசகர் கேள்விகள் - பொருளாதாரப் பக்கம்

போன இதழில் "விலைவாசி, வரி, பட்ஜெட் எதுவானாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டேன். அதுதான் வினை. கடிதமும் வாட்ஸ்அப்புமாகக் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் பென்ஷன் பற்றியே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி) பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்தி ஓய்ந்தவன். ஆனால் நான் பாடம் படித்தது அதற்கெல்லாம் முன்னால், ரோஸ் பெல் பக்கத்தில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில். அந்தக் காலத்தில் இங்கே லபுத்திக், அதாவது மளிகைக் கடை, என்றாலே சீனர் கடைதான். அப்பா கடை விதிவிலக்கு. ஆனால் கார்னே என்கிற கடன் நோட்டு எல்லாக் கடையிலும் உண்டு. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மாதம் முழுக்க அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு என்று எடுத்துப் போவார்கள். அந்தக் கடன் நோட்டில் எழுதிக்கொள்வோம். சம்பளத்தன்று வந்து தீர்ப்பார்கள். கூட்டம் நெரிக்கும்போது அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்துவார்: "இது யார் கார்னேயில எழுதணும்?" இன்றைக்கும் அரசாங்க அறிவிப்பு எதைப் படித்தாலும் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

எனக்கு 58 வயது. தையல் ஆலையில் இருபத்தாறு வருஷம் மெஷினில் உட்கார்ந்தாயிற்று. அறுபதில் பென்ஷன் வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது 65 என்கிறார்கள். இது நியாயமா ஐயா?
*ஒரு வாசகி, கம்ப் தியாப்ல்*

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கரையேறிவிட்டவன். அறுபது முடிந்ததுமே எனக்குப் பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது. கரையில் நிற்பவன் ஆற்றில் நிற்பவருக்கு ஆழம் சொல்வது மாதிரி இது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2025 ஜூன் 5 அன்று பிரதமர் நவீன் ராம்கூலாம், நிதியமைச்சரும் அவரே, பட்ஜெட்டில் இதை அறிவித்தார். அடிப்படை ஓய்வூதிய வயது 60லிருந்து 65க்குப் போகும். ஒரே நாளில் அல்ல, செப்டம்பரில் தொடங்கி ஐந்து வருஷத்தில் படிப்படியாக. உங்களுக்கு எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்பது பிறந்த தேதியைப் பொறுத்தது. பென்ஷன் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தால், ஒரு வருஷம் தள்ளினால் 180,000. முழுசாக ஐந்து வருஷம் தள்ளினால் 900,000. டிசம்பர் மாதம் கூடுதலாக வருவதை நான் சேர்க்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையை ஒருவருடைய கணக்கிலிருந்து எடுக்கும்போது அவர் 25 வயதில் இருந்தால் சமாளித்துக்கொள்வார், சேமிப்பை மாற்றிக்கொள்வார். 58 வயதில் எதை மாற்றுவது? உங்கள் வருத்தம் முழுக்க நியாயம்.

இனி மறுபக்கம். நம்மில் பலர் இந்தப் பென்ஷனை "நான் கட்டிய பணம்" என்று நினைக்கிறோம். இல்லை. 1958லிருந்து இது எல்லாருக்கும் பொதுவாக, வரிப்பணத்திலிருந்து வருவது. உங்கள் பெயரில் எங்கேயும் ஒரு உண்டியல் இல்லை. இன்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் கட்டும் வரி இன்றே முதியவர் கைக்குப் போகிறது. நாளை உங்களுக்கு வரவேண்டியது நாளை வேலைக்குப் போகிறவர்களிடமிருந்து. அந்த நாளைய ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற கணக்குக்குக் கீழே நாம் போய் ரொம்ப நாளாகிறது. மேல்கொண்டு, நாட்டின் பொதுக்கடன் ஒரு வருஷ மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆகக் கார்னேயில் ஏறுவது உங்கள் பேரப்பிள்ளைகள் பெயர்.

அப்படியானால் 2025ல்தான் இது தெரிந்ததா? அங்கேதான் எனக்குக் கோபம். மக்கள்தொகை திடீரென்று வரும் புயல் இல்லை. இன்று பிறக்காத குழந்தை இருபது வருஷம் கழித்து வேலைக்கு வராது என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. தெரிந்தும் என்ன செய்தார்கள்? 2014 தேர்தலில் பென்ஷன் 5,000 ஆகும் என்றார்கள். 2019 தேர்தலையொட்டி 9,000 ஆகி, 13,500 வரை போகும் என்றார்கள். அப்புறம் 15,000. மாட்டுச் சந்தையில் துணிக்கு அடியில் விரலைப் பிடித்து ஏலம் கேட்பது மாதிரி. அப்போது கை தட்டினோம், நானும்தான்.

வயதைத் தள்ளாமல் வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஒவ்வொன்றிலும் முள் இருக்கிறது. வசதி உள்ளவருக்கு நிறுத்திவிட்டு இல்லாதவருக்கு மட்டும் கொடுக்கலாம். 2004ல் அதைச் செய்து பார்த்தார்கள். 2005 தேர்தலில் ஆட்சி மாறியதும் மறுபடி எல்லாருக்கும் என்று ஆனது. அதில் அரசியல் மட்டும் இல்லை. வருமானத்தைப் பார்த்துக் கொடுத்தால், அடங்கி ஒடுங்கி நாலு காசு சேர்த்தவருக்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிறது. அறுபத்திரண்டு வயதில் பகுதி நேர வேலை பார்த்தால் பென்ஷன் போய்விடும் என்றால் யார் வேலைக்குப் போவார்கள்?

என் அபிப்பிராயம் கேட்டால் சொல்கிறேன். வயது உயர்வு தவிர்க்க முடியாதது. ஐந்து வருஷம் என்பது அவசரம். பத்தோ பதினைந்தோ வருஷத்தில் செய்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறை, எல்லாருக்கும் ஒரே 65. மேஜையில் உட்கார்ந்து பேசிச் சம்பாதித்த எனக்கு 65ல் முழங்கால் நன்றாகவே இருந்தது. இருபத்தாறு வருஷம் மெஷின் மிதித்தவருடைய 65ம் என்னுடைய 65ம் ஒன்றா? உடலை வைத்து உழைத்தவர்களுக்குத் தனி வழி வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உரக்கவே கேளுங்கள்.

முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசப் பஸ் 2005லிருந்து ஓடுகிறதே, அதைப் பற்றி ஒரு வரி?
*ஒரு வாசகர், திரியோலே*

நானும் ஏறுகிறேன். டிக்கெட்டை என் மகன் வாங்குகிறான், க்யூர்பிப்பில் அவன் கட்டும் வரியில்.

மொரீஷியஸ் உருப்படாது என்று ஒரு நோபல் பரிசுக்காரரே எழுதினாராமே. பொருளாதார நிபுணர்கள் சொல்வது எதுவும் நடப்பதில்லை, நீ ஏன் அதைப் படிக்கிறாய் என்று அண்ணன் கேலி செய்கிறான்.
*எச்.எஸ்.சி. மாணவி, காத்ர் போர்ன்*

ஜேம்ஸ் மீட். அவருக்கு நோபல் கிடைத்தது 1977ல். நம்மைப் பற்றி அறிக்கை கொடுத்தது 1961ல், சுதந்திரத்துக்கு ஏழு வருஷம் முன்னால். அவர் வந்தபோது ஏற்றுமதி என்றால் கிட்டத்தட்ட சர்க்கரை மட்டும்தான். மலேரியாவை ஒழித்தாயிற்று, பிள்ளைகள் சாகாமல் வளர்ந்தார்கள், தீவு நிரம்பிக்கொண்டிருந்தது. நிலம் அதே நிலம், கரும்பு அதே கரும்பு. கூட இரண்டு ஆளை அதே வயலில் இறக்கினால் கூட எவ்வளவு கரும்பு வெட்ட முடியும்? குறைந்துசெல் விளைவு விதி என்று உன் புத்தகத்தில் இருக்கும், அது இதுதான். எதிர்காலம் மங்கல் என்று எழுதினார்.

ஆனால் அண்ணன் பாதியைத்தான் படித்திருக்கிறான். தொழிற்சாலைகளைக் கொண்டுவாருங்கள், சர்க்கரையை மட்டும் நம்பாதீர்கள், குடும்பக் கட்டுப்பாட்டைக் கவனியுங்கள் என்றும் அதே மீட் சொன்னார். 1970ல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் வந்தது. அதில் முளைத்த தையல் ஆலைகளில் ஒன்றில்தான் மேலே கேள்வி கேட்ட அம்மா உட்கார்ந்திருக்கிறார். 1975லிருந்து ஐரோப்பா நம் சர்க்கரைக்கு உறுதியான விலையும் அளவும் கொடுத்தது. அதில் வந்த லாபம் ஆலையிலும் ஹோட்டலிலும் போய் விழுந்தது. அந்தச் சர்க்கரை ஒப்பந்தம் 2009ல் முடிந்தபோது நாம் தடுமாறினோம், விழவில்லை.

அண்ணனிடம் இப்படிக் கேள்: "சர்க்கரையைக் குறைக்காவிட்டால் கால் போகும்" என்று டாக்டர் சொன்னார், நீ குறைத்தாய், கால் தப்பியது. டாக்டர் சொன்னது நடக்கவில்லை என்று அவரைக் கேலி செய்வாயா?

இன்னொரு வேடிக்கை. 1961ல் பயம், பிள்ளைகள் அதிகம் என்று. 2025ல் பயம், பிள்ளைகள் போதாது என்று. ஒரே மனிதனின் ஆயுளுக்குள் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

சிறிய ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை. குறைந்தபட்சச் சம்பளம் ஏறிக்கொண்டே போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் வேலையை ஒழிக்கும் என்றுதானே நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்கள்? (நான் உங்கள் பழைய மாணவன்.)
*ஒரு வாசகர், சூயாக்*

தம்பி, முதல் மாதப் பாடத்தை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாய். இரண்டாம் வருஷப் பாடத்தன்று கடற்கரைக்குப் போயிருப்பாய் போல.

முதல் மாதப் பாடம் சரிதான். ஒரு பொருளுக்குச் சந்தையில் நிற்கும் விலையைவிட மேலே, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு தரை போட்டால், வாங்குபவர் குறைவாக வாங்குவார். உழைப்பும் அப்படியே. ஆனால் அந்தப் பாடம், ஊரில் பத்து முதலாளிகள் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு வேலைக்காரர்களைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதியது. ஒரே எஸ்டேட்டும் ஒரே ஆலையும் உள்ள ஊரில் சம்பளத்தைச் சந்தை தீர்மானிப்பதில்லை, மேலாளர் தீர்மானிக்கிறார். அங்கே சட்டம் தரை போட்டால் சம்பளம் ஏறும், வேலையும் போகாது. 2018 ஜனவரியில் முதல் முறையாக நாடு முழுக்க ஒரு தரை வந்தது. அரசு கொடுத்த கூடுதல் தொகையும் சேர்த்து 9,000 ரூபாய் அளவில். 2024 ஜனவரியில் 16,500. 2025 ஜனவரியில் 17,110. ஆறேழு வருஷத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முதல் படியில் யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. படி உயர உயர, பெரிய ஆலையும் உன் கடையும் ஒரே படியை ஏற வேண்டியிருக்கிறது. உன் கால் குட்டை.

அதோடு நிற்கவில்லை. நேற்று வந்த பையனுக்கே அந்தத் தரைச் சம்பளம் என்றால், பத்து வருஷமாக அடுப்பைப் பார்க்கிறவர் "அவனுக்கும் எனக்கும் ஒரே சம்பளமா?" என்று கேட்பார், கேட்க வேண்டும். கீழ்ப்படி உயர்ந்தால் ஏணி முழுக்க உயர்த்தியாக வேண்டும்.

ஆனால் உன் கழுத்தை நெரிப்பது தரை மட்டும் இல்லை தம்பி, கூரையும்தான். வீட்டு ரொட்டி நூறு கிராம் 2 ரூபாய் 60 காசு என்று அரசு கட்டிய விலை வருஷக்கணக்காக நகரவில்லை. மாவுக்கு மானியம் தருகிறார்கள், அதனால் அந்த விலை தாங்கும் என்பது கணக்கு. மாவு மட்டும் ரொட்டி ஆகிவிடுமா? ஆள், எரிபொருள், மின்சாரம், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிற கண் எல்லாம் வேண்டும். கூரை தாழ்வாக இருந்தால் ஆள் குனிவான். ரொட்டியும் குனியும். அப்பாவின் பித்தளைத் தராசு இன்னும் என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் ஐந்து ரொட்டியை நிறுத்தேன். ஒன்றுதான் நூறைத் தொட்டது. ஒன்று எண்பத்தெட்டு. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். சூயாக்கில் இல்லை, பயப்படாதே. விலை ஏறவில்லை என்று அரசு சொல்லும். கிராமுக்குப் பார்த்தால் ஏறியிருக்கிறது. மிச்சம் என்ன நடக்கும் என்பது உனக்கே தெரியும்: கட்டுப்பாடு உள்ள ரொட்டியைக் கொஞ்சமாகச் சுட்டு, கட்டுப்பாடு இல்லாத கேக்கையும் பன்னையும் கண்ணாடி அலமாரியில் நிறைத்து வைப்பாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையே செய்வேன்.

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். உலகச் சந்தையில் எண்ணெய் ஏறினால் இங்கே உடனே ஏறுகிறது. அங்கே இறங்கினால் இங்கே இறங்க மாட்டேன் என்கிறது. என்ன மாயம் இது?
*ஒரு வாசகர், க்யூர்பிப்*

மாயம் எதுவும் இல்லை அண்ணா, பம்ப்பில் நீங்கள் கொடுப்பது எண்ணெய் விலை மட்டும் இல்லை. நம் நாட்டுக்குப் பெட்ரோல் வாங்கி வருவது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன். விலையை ஒரு குழு நிர்ணயிக்கிறது. நடுவில் ஒரு நிலைப்படுத்தும் கணக்கு இருக்கிறது: உலக விலை எகிறும்போது அந்தக் கணக்கு பள்ளம் விழும், இறங்கும்போது உங்களிடம் வாங்கிப் பள்ளத்தை நிரப்புவார்கள். அதனால்தான் இறக்கம் மெதுவாக வருகிறது.

2022ல் பெட்ரோல் லிட்டர் 74 ரூபாய் 10 காசு தொட்டது நினைவிருக்கும். அந்த விலைப்பட்டியலை உரித்துப் பாருங்கள். எக்சைஸ் தீர்வை, சாலைப் பராமரிப்புக்கு ஒரு பங்கு, கோவிட் தடுப்பூசிக்கென்று 2021ல் சேர்த்த 2 ரூபாய், மேலே வாட் (மதிப்புக் கூட்டு வரி). இன்னொன்றும் உண்டு: சமையல் வாயு, மாவு, ரேஷன் அரிசி இவற்றின் மானியத்துக்கு ஒரு பங்கு. அதாவது நீங்கள் டாக்ஸியில் போட்ட பெட்ரோல் என் வீட்டு அடுப்பிலும் எரிந்தது. மேலே சூயாக் தம்பியின் மாவிலும் விழுந்தது. நன்றி, ஒரு வாய் காப்பி வந்து குடியுங்கள்.

ஏன் பெட்ரோலின் மேல் மட்டும் இத்தனை பாரம்? விலை ஏறினாலும் நீங்கள் ஓட்டுவதை நிறுத்த முடியாது என்பதால்தான். நெகிழ்ச்சி இல்லாத தேவை என்போம். வரி போடுகிறவன் ஓட முடியாதவனைத்தான் பிடிப்பான். பிஸ்கட்டில் 2 ரூபாய் ஏற்றினால் வேறு பிஸ்கட் வாங்குவேன். பெட்ரோலில் ஏற்றினால் முணுமுணுத்துவிட்டுக் கொடுப்பேன். ஏழைக்கு அடுப்பெரிய மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாயுச் சிலிண்டர் கடற்கரை பங்களாவுக்கும் அதே மலிவு விலையில்தான் போகிறது. தடுப்பூசி போட்டு முடித்த பிறகும் அந்த 2 ரூபாய் போகவில்லை. வரி என்பது விருந்தாளி மாதிரி வரும், மாமியார் மாதிரி தங்கும். (என் மாமியார் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை.)

1998ல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதும் நம்மவர்கள் போராடி, நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் அது வீண் செலவுதானே? அச்சடித்தது அச்சடித்ததுதானே என்று என் மருமகன் வாதாடுகிறான்.
*ஒரு வாசகர், போர்ட் லூயி*

உங்கள் மருமகன் நல்ல தவறு செய்கிறார், பாடம் நடத்த வசதியான தவறு.

இளையவர்களுக்காக: நம் நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து இந்தி என்பது பழைய வரிசை. கரும்புக்கு ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனாரும் தச்சரும் இங்கே வந்தவர்கள். 1998 கடைசியில் வந்த புது நோட்டில் அந்த வரிசை மாறியது. கோவில்களில், சங்கங்களில், தெருவில் எல்லாம் அதே பேச்சு. நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் புதிதாக அச்சடித்தார்கள்.

"அச்சடித்தது அச்சடித்ததுதானே" என்பதில் உள்ள பணம் மூழ்கிய செலவு. நோட்டை வைத்துக்கொண்டாலும் அந்தக் காசு திரும்பாது, கிழித்துப் போட்டாலும் திரும்பாது. ஆகவே முடிவெடுக்கும்போது அதைத் தராசில் வைக்கவே கூடாது. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகப் பிடிக்காத மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுப்போமா? (மருமகனிடம் இந்த உதாரணத்தைப் பக்குவமாகச் சொல்லவும்.)

ஆனால் மறுபடி அச்சடிக்க ஆகும் செலவு மூழ்கவில்லை. அது புதுசு, அதைத் தராசில் வைத்தே ஆக வேண்டும். எதிர்த் தட்டில் என்ன வைப்பது? நோட்டு என்பது காகிதம். அதற்கு மதிப்பு, வாங்குகிற எல்லாரும் இதை நம்முடையது என்று நம்புவதால். அந்த வாரம் வகுப்பில் ஒரு நோட்டை எடுத்துக் காட்டிப் பணத்தின் குணங்கள் நடத்திக்கொண்டிருந்தேன்: எடுத்துச் செல்லலாம், பிரிக்கலாம், நிலைக்கும், எல்லாரும் ஏற்பார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்க தாத்தா இதை ஏற்கலையே சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் பலகையில் நாலாவது குணத்தை அடிக்கோடிட்டேன்.

பொருளாதார ஆசிரியனாகக் கேட்டால், அந்த நோட்டு அழுக்காகிக் கிழியும்வரை விட்டு, மெதுவாக மாற்றியிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்பேன். தமிழனாகக் கேட்டால் அந்த யோசனையை வெளியே சொல்லியிருக்க மாட்டேன்.

2024 ஜனவரியில் பெலால் புயல் போன மறுவாரம் கீரை, காரட் விலையைக் கேட்டு மயக்கம் வந்தது. ஒவ்வொரு புயலுக்கும் இதே கதை. இந்த மாதிரி நேரத்தில் விலையேற்றத்தை அரசு சட்டம் போட்டுத் தடுக்கக் கூடாதா?
*ஒரு வாசகி, பாம்ப்ளமூஸ்*

தடுக்கலாம் அம்மா. தடுத்தால் விலை பலகையில் குறையும், காரட் தட்டில் இருக்காது. வயலில் கீரை அழுகிப் போய்விட்டது. பழையபடி பத்துப் பேருக்கு இருந்த இடத்தில் மூன்று பேருக்குத்தான் இருக்கிறது. விலை ஏறினால் ஏழு பேர் "இந்த வாரம் பருப்பும் அப்பளமும் போதும்" என்று திரும்புவார்கள். விலையைக் கட்டினால் பத்துப் பேரும் வருவார்கள். விடியற்காலை வந்தவருக்கும் கடைக்காரரின் மச்சானுக்கும் கிடைக்கும். வேலைக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு வருகிறவருக்குக் கிடைக்காது. அப்புறம், ஏறிய விலையைப் பார்த்துத்தான் ஒரு விவசாயி சேறு காய்வதற்குள் மறுபடி விதை போடுகிறார். கீரை சீக்கிரம் வந்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

இது நான் முப்பது வருஷம் நடத்திய பாடம். இதை நம்புகிறேன். ஆனாலும் இதை எழுதும்போது ஒரு மெழுகுவத்திப் பெட்டி கண்முன் வருகிறது.

1975 பிப்ரவரியில் ழெர்வேஸ் புயல். எனக்குப் பதினெட்டு வயது. கடைக் கூரையில் ஒரு தகடு பறந்துவிட்டது. அரிசி மூட்டையை நானும் அம்மாவும் கட்டிலின் மேல் ஏற்றினோம். மின்சாரம் வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. கடையில் இருந்தது மூன்றரைப் பெட்டி மெழுகுவத்தி. காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள். எங்கள் ஊர்க்காரர் இல்லாத ஒருவர் வேனில் வந்து, இரண்டு மடங்கு தருகிறேன், மொத்தப் பெட்டியையும் கொடுங்கள் என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டார். பழைய விலைதான். வீட்டுக்கு இரண்டு. முதலில் கார்னே உள்ளவர்களுக்கு.

நான் பின்னால் பொருளாதாரம் படித்து வந்து அப்பாவிடம் வாதாடினேன். விலையை ஏற்றியிருந்தால் யாருக்கு ரொம்பத் தேவையோ அவர் வாங்கியிருப்பார் என்றேன். "வேன்காரனுக்கா ரொம்பத் தேவை?" என்றார். தேவையும் வாங்கும் சக்தியும் ஒன்றில்லை என்பதைப் பாடப்புத்தகம் மூன்றாம் அத்தியாயத்தில் சொல்கிறது, நான் தாண்டிப் போயிருந்தேன். அப்புறம் சொன்னார்: "மெழுகுவத்தி ரெண்டு நாள் விக்கும். இந்த ஜனங்க வருஷம் முழுக்க வருவாங்க." அதாவது அவரும் கணக்குப் போட்டார். என்னுடையதைவிட நீளமான கணக்கு. சந்தையில் உங்களுக்குக் காரட் விற்றவர் உங்களை மறுபடி பார்ப்பாரா என்பது தெரியாது. அப்பா எல்லார் முகத்தையும் மறுநாளும் பார்த்தாக வேண்டும். ஊர் முழுவதற்கும் அப்பா செய்ததைச் சட்டமாகப் போட முடியுமா என்றால், முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன். அப்பா செய்தது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் யாரிடமும் ரொக்கம் இல்லை. எல்லாம் கார்னேயில் ஏறியது. சிலர் தீர்த்தார்கள், சிலர் தீர்க்காமலே ஊர் மாறிப் போனார்கள். 1983ல் ஒரு நாள், வாக்கோவாவில் மகள் வீட்டோடு இருந்த ஒரு பாட்டி கடைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து 42 ரூபாய் எடுத்து மேஜையில் வைத்தார். புயல் வாரத்துக் கடன். நான் அப்போதுதான் ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்தேன், வாய் சும்மா இருக்குமா? நடுவில் 1979ல் ஒரு முறை, 1981ல் ஒரு முறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தாயிற்று, விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியாயிற்று, இந்த 42 அந்த 42 இல்லை என்று அப்பா காதில் போட்டேன்.

"நோட்டுல என்ன எழுதியிருக்கு?"

"நாற்பத்திரண்டு."

"அப்ப நாற்பத்திரண்டுதான்" என்று நீலப் பென்சிலால் அந்த வரியை அடித்தார். பாட்டி டீ குடித்துவிட்டு எழுந்தார். போகும்போது இரண்டு மெழுகுவத்தி கேட்டு வாங்கினார், ரொக்கத்துக்கு. புயல் மாதம் வருகிறதே என்றார்.